குடித்த மருந்து முகத்துக்கு வந்த கதை

தென்கொரியத் தலைநகர் சியோலை அடுத்த நாம்யாங்ஜுவில் 2015-இல் ஒரு பழைய கல்லறை வெளிப்பட்டது. ஜோசொன் வம்சத்து அரசர் யோங்ஜோவின் மகள் ஹ்வாஹ்யோப் முதலில் அடக்கம் செய்யப்பட்ட இடம் அது. 1733-இல் பிறந்து 1752-இல் இறந்துபோன இளவரசி அவள். தொடர்ந்து நடந்த அகழ்வில், உள்ளங்கையில் அடங்கும் பீங்கான் சிமிழ்கள் கிடைத்தன. அவற்றுக்குள் அவளுடைய ஒப்பனைப் பொருள்கள் காய்ந்து கிடந்தன. சோதித்துப் பார்த்தார்கள். வெள்ளைப் பொடியில் ஈயமும் டால்க்கும் இருந்தன. சிவப்புப் பொடி பாதரசம் கலந்த சாதிலிங்கம். பழுப்புநிறக் கட்டியில் தேன்மெழுகு. ஒரு சிமிழில் திரவத்தோடு ஆயிரக்கணக்கான எறும்புகள்.

2020-இல் கொரியாவின் தேசிய அரண்மனை அருங்காட்சியகமும், தேசியப் பாரம்பரியப் பல்கலைக்கழகமும், காஸ்மேக்ஸ் என்ற ஒப்பனைப் பொருள் நிறுவனமும் சேர்ந்து அந்த இளவரசியின் பெயரில் கைக்கு ஒரு கிரீமும் உதட்டுக்கு ஒரு களிம்பும் செய்தன. ஈயத்தையும் பாதரசத்தையும் விட்டுவிட்டார்கள். பழைய சிமிழின் வடிவத்தை மட்டும் விடவில்லை.

கொரிய மூலிகைச் சருமப் பொருள்களின் இன்றைய கதை ஏறக்குறைய இதுதான். பழையதில் ஆகாததைத் தள்ளி, ஆவதை எடுத்து, புதிதாக ஒன்றைச் செய்து, பழைய சிமிழில் வைத்துத் தருகிறார்கள். அதில் குற்றம் ஏதும் இல்லை. ஆனால் சிமிழில் எது பழையது, எது புதியது என்று தெரிந்து வாங்குகிறவர் குறைவு. ராணிகள் பூசியது என்று நம்பி வாங்குகிறவர்தான் அதிகம்.

தோட்டத்தில் இருந்தது

ஜோசொன் காலத்துக் கொரியப் பெண் முகத்துக்கும் முடிக்கும் பயன்படுத்திய பொருள்களைப் பட்டியலிட்டால் அரிய மூலிகைகள் அதிகம் வராது. தோட்டமும் சமையலறையும்தான் வரும்.

முகம் கழுவப் பச்சைப்பயறு மாவு. நம் வீடுகளில் பாசிப்பயறு மாவு இருந்த அதே இடத்தில் அங்கேயும் அது இருந்தது. அரிசி களைந்த நீரும் தவிடும் அதே வேலைக்கு உதவின. முகத்தில் தடவும் நீருக்கு நுரைப்பீர்க்கு. கோடை முடிந்து கொடி முற்றிய பிறகு தண்டை வெட்டி, வெட்டிய முனையைக் குடுவைக்குள் நுழைத்து வைத்தால் கொடி உறிஞ்சிய நீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். வெள்ளரியிலிருந்தும் அப்படி நீர் எடுத்தார்கள். முகப்பொடிக்கு அரிசியும் தினையும் அரைத்தார்கள். அந்திமந்தாரையின் கறுப்பு விதையை உடைத்தால் வரும் வெள்ளை மாவும் பொடியாயிற்று. மணப்பெண்ணின் கன்னத்தில் வைக்கும் சிவப்புப் பொட்டுக்குக் குசும்பாப் பூ.

கூந்தலுக்குக் கமேலியா எண்ணெய். தேயிலையின் உறவான இந்த மரம் தெற்குக் கடலோரத்திலும் ஜேஜு தீவிலும் வளர்கிறது. இலையுதிர் காலத்தில் விழும் விதைகளைப் பொறுக்கி, காயவைத்து, ஆட்டி எண்ணெய் எடுப்பார்கள். வாரி முடிந்த கொண்டை ஒரு மயிர்கூடப் பிசகாமல் மின்னுவதற்கு இதுதான் வழி. சந்திரமான ஆண்டின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வரும் தானோ பண்டிகையில் பெண்கள் ‘சாங்போ’ கொதித்த நீரில் தலை அலசுவார்கள். அது வேறொன்றுமில்லை, பிள்ளை வளர்ப்பான் என்று நம் பாட்டிமார் வைத்திருந்த வசம்புதான்.

இந்த அறிவையெல்லாம் ஒரு பெண்ணே எழுதியும் வைத்தார். பிங்ஹோகாக் என்ற புனைபெயர் கொண்ட யி குலத்துப் பெண்மணி 1809-இல் தொகுத்த ‘க்யூஹாப் சோங்சோ’ சமையல், நெசவு, சாயம், பிள்ளை வளர்ப்பு என்று வீட்டு வேலைகளைப் பெண்களுக்காகச் சொல்லும் கலைக்களஞ்சியம். அதில் குளிரில் முகம் வெடிப்பதற்கு ஒரு கைமருந்து இருக்கிறது. மூன்று முட்டைகளைச் சாராயத்தில் போட்டு, காற்றுப் புகாமல் வாய் கட்டி, இருபத்தெட்டு நாள் வைத்திருந்து பிறகு முகத்தில் தடவ வேண்டும். இதில் மூலிகையே இல்லை.

இவற்றில் பல நாள்பட நிற்காது. பீர்க்கு நீர் சில நாளில் கெட்டுவிடும். அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதை அந்தந்த வீட்டில் செய்து தீர்த்துவிடுவார்கள். செய்ய முடியாதவர்களுக்கும் வசதி உள்ளவர்களுக்கும் வாசலுக்கே வந்து பொடியும் சாந்தும் விற்கும் பெண்கள் இருந்தார்கள். ‘மேபுன்கு’ என்று அவர்களுக்குப் பெயர். இந்த வாசல் வியாபாரம் பின்னால் வேறு உருவில் திரும்பி வரும்.

குடிப்பதற்கான மருந்து

ஜின்செங்? டாங்க்வி வேர்? மான்கொம்பு? இன்றைய விலையுயர்ந்த கிரீம்களின் அட்டையில் முதலில் நிற்கும் இவையெல்லாம் எங்கே இருந்தன? மருந்துக் கஷாயப் பானையில் இருந்தன.

கொரிய மரபு மருத்துவத்தின் அடிப்படை நூல் ‘தோங்குய்போகம்’. ஜப்பானியப் படையெடுப்பின் நடுவில், 1596-இல், அரசர் சொன்ஜோ தொடங்கச் சொன்ன வேலை அது. அரண்மனை மருத்துவர் ஹோ ஜூன் 1610-இல் முடித்தார்; 1613-இல் அச்சானது. மொத்தம் 25 தொகுதிகள். 2009-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது. சீனத்திலிருந்து வரும் விலைமிகுந்த சரக்கை நம்பியிராமல், உள்ளூரில் முளைப்பதை மக்களே அடையாளம் காண வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அதனால் 600-க்கும் மேற்பட்ட மருந்துப் பொருள்களுக்கு மக்கள் வழக்கிலுள்ள பெயரைக் கொரிய ஹங்குல் எழுத்திலேயே கொடுத்திருக்கிறார் ஹோ ஜூன்.

அந்த நூலில் முகத்துக்கும் தோலுக்கும் தனி இடம் உண்டு. வெளியே பூசும் மருந்துகளும் உண்டு. ஆனால் முகம் கறுத்தாலும் வறண்டாலும் மருத்துவர் முதலில் பார்ப்பது வயிற்றையும் இரத்தத்தையும்தான். தோல் என்பது உள்ளே நடப்பதை வெளியே காட்டும் இடம். ஆகவே மருந்து பெரும்பாலும் உள்ளுக்கு. ஜின்செங்கை ஆறு ஆண்டு வளர்த்து, தோண்டி, ஆவியில் அவித்து, காயவைத்துச் சிவப்பு ஜின்செங் ஆக்கியதெல்லாம் குடிக்கவும் மெல்லவும்தான். ரெமானியாக் கிழங்கை ஒன்பது முறை அவித்து ஒன்பது முறை காயவைக்கும் வழக்கமும் அப்படியே. சித்த மருத்துவத்தில் சரக்கைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதில்லை என்பதுபோல அங்கும் பதப்படுத்தாத வேர் மருந்தாகாது.

மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த ‘சுக்’ செடியும் இதே வழிதான். 13-ஆம் நூற்றாண்டில் துறவி இர்யோன் தொகுத்த ‘சாம்குக் யூசா’ சொல்லும் தொன்மத்தில், மனிதராக வேண்டிய கரடியும் புலியும் குகைக்குள் சுக்கையும் பூண்டையும் தின்று நோன்பிருக்கின்றன. புலி பொறுக்க முடியாமல் ஓடிவிடுகிறது. கரடி பொறுத்திருந்து பெண்ணாகிறது. கொரியர்களின் முதல் அரசன் தங்குன் அவள் பிள்ளை. இன்றைக்கும் சுக் போட்ட அரிசிப் பணியாரமும் சூப்பும் கொரிய வீட்டில் வசந்தத்தின் அடையாளம். கரடியும் தின்றது, பூசவில்லை.

அறுந்த இழை

பழைய மரபு அறுபடாமல் கைமாறிக் கைமாறி இன்றைய சீரம் புட்டிவரை வந்தது என்று விளம்பரங்கள் சொல்லும். வரலாறு அப்படி ஓடவில்லை.

1910-இல் கொரியா ஜப்பானின் குடியேற்ற நாடானது. 1913-இல் வந்த விதி, மரபு மருத்துவர்களை மேற்கத்திய மருத்துவர்களுக்குக் கீழான ஒரு தகுதிக்கு இறக்கியது. அவர்களுக்கு மருத்துவர் என்ற சட்டத் தகுதி மறுபடி கிடைத்தது 1951-இல். அதுவும் கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது.

ஒப்பனைக் கடையிலும் அந்த இடைவெளி தெரிந்தது. சியோலில் துணி வியாபாரம் செய்த பாக் சுங்-ஜிக்கின் குடும்பம் 1910-களின் நடுவில் முகப்பொடி ஒன்றை விற்கத் தொடங்கியது. ‘பாக்காபுன்’ என்று பெயர். வீட்டில் செய்த பொடிகள் முகத்தில் ஒட்டாமல் உதிரும்; இது ஒட்டியது. காரணம், அதிலிருந்த ஈயம். தொடர்ந்து பூசிய பெண்களின் தோல் கெட்டது. 1930-களில் புகார்கள் பெருகின. 1937-இல் உற்பத்தி நின்றது. அந்தத் துணிக்கடைதான் பின்னாளில் தூசான் தொழில் குழுமமாக வளர்ந்தது.

இளவரசியின் சிமிழில் இருந்த ஈயமும் இந்தப் பொடியில் இருந்த ஈயமும் ஒரே ஈயம்தான். முன்னது மரபு, பின்னது வணிகம். தோலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பழையது எல்லாம் மென்மையானது, இயற்கையானது என்ற நம்பிக்கைக்குக் கொரிய வரலாறே பதில் சொல்லியிருக்கிறது.

இழை முழுக்க அறுந்துவிடவும் இல்லை. ஜின்செங்குக்குப் பேர்போன கேசோங் நகரில் யுன் தொக்-ஜோங் என்ற பெண்மணி 1932 முதல் கமேலியா எண்ணெயைக் கையால் ஆட்டி விற்றுவந்தார். விதை வாங்கவும் எண்ணெய் விற்கவும் அவருக்கு உதவிய மகன் சோ சுங்-ஹ்வான், 1945-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். அதுவே இன்றைய அமோர்பசிபிக்.

1966-இல் பிறந்த பாரம்பரியம்

சோ சுங்-ஹ்வானின் முதல் பெரிய வெற்றி மூலிகைக் கிரீம் அல்ல. போர் நடந்த 1951-இல், ஆண்கள் தலைக்குத் தடவும் பொமேட் அது. ஏபிசி என்று பெயர். ஆனால் ஜின்செங் ஊரில் வளர்ந்தவர் அல்லவா, குடிக்கும் வேரைக் கிரீமில் ஏற்ற வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1966-இல் ஏபிசி ஜின்செங் கிரீம் வெளிவந்தது. வாசனையும் நிறமும் கொண்ட வேர்ச்சாற்றை வெள்ளைக் கிரீமில் பிரியாமல் நிறுத்துவதே அன்று பெரிய காரியம்.

அந்தக் கிரீமின் வம்சம் நீண்டது. 1973-இல் ‘ஜின்செங் சம்மி’, 1987-இல் ‘சுல்வா’, 1997-இல் ‘சுல்வாசூ’. பியோனி, தாமரை, லில்லி, ரெமானியா, சாலமன் முத்திரைச் செடி ஆகிய ஐந்தும் சேர்ந்த கலவையைச் சுல்வாசூ தன் அடையாளமாக்கியது. ‘ஹன்பாங்’ அழகுப்பொருள், அதாவது கொரிய மருத்துவ வழி அழகுப்பொருள் என்று உலகம் இன்று அறிவது இந்த வரிசையில் வந்ததைத்தான். ஆகவே மூலிகை வேண்டுமானால் ஆயிரம் ஆண்டுப் பழக்கம். மூலிகைக் கிரீம் அறுபது ஆண்டுப் பழக்கம்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. குடிக்கும் மருந்தைப் பூசும் மருந்தாக்குவது எளிதல்ல என்பதைச் சொல்லத்தான் இது. ஜின்செங்கின் வீரியம் ஜின்செனோசைடு என்ற சேர்மங்களில் இருக்கிறது. அவற்றில் முக்கியமான ஆர்பி1-இன் மூலக்கூறு எடை சுமார் 1,109 டால்டன். 500 டால்டனுக்கு மேற்பட்டவை ஆரோக்கியமான தோலின் மேலடுக்கைத் தாண்டுவது கடினம் என்பது தோல் மருந்தியலில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. கஷாயமாகக் குடிக்கும்போது குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அதிலுள்ள சர்க்கரைப் பகுதிகளைக் கழற்றி, ‘காம்பவுண்டு கே’ என்ற சிறிய வடிவமாக்கிவிடும். அதன் எடை சுமார் 622 டால்டன்.

முகத்தில் குடல் இல்லையே. அந்த வேலையைத் தொழிற்சாலையில் செய்ய வேண்டியதாயிற்று. நொதிகளாலும் நுண்ணுயிர்களாலும் ஜின்செங்கைப் புளிக்கவைத்துச் சிறிதாக்குவது, நுண்ணிய கொழுப்புக் குமிழ்களுக்குள் அடைத்துத் தோலுக்குள் அனுப்பப் பார்ப்பது என்று பல ஆண்டுகளாக ஆய்வு நடக்கிறது. ஒரு கிரீமில் ‘புளிக்கவைத்த ஜின்செங்’ என்று போட்டிருந்தால் அதன் பின்னால் இருப்பது கிம்ச்சிப் பானையின் பழைய கைப்பக்குவம் என்பதைவிட இந்த மூலக்கூறுக் கணக்குத்தான்.

விற்பனையிலும் பழையது புதிதாயிற்று. 1964-இல் அமோர் தன் பொருள்களைப் பெண்களிடம் கொடுத்து வீடு வீடாக அனுப்பத் தொடங்கியது. போருக்குப் பின் சம்பாத்தியம் தேடிய ஏராளமான பெண்கள் ‘அமோர் அஜும்மா’ ஆனார்கள். முந்தைய நூற்றாண்டுகளின் பொடி விற்கும் பெண்கள், சீருடையும் பையும் மாட்டி மறுபடி வாசலில் நின்றார்கள்.

அரண்மனை விற்பனைக்கு வந்தது

மூலிகைக் கிரீமை அம்மாக்களின் பொருள் என்ற நிலையிலிருந்து அரச குடும்பத்தின் பொருள் என்ற நிலைக்கு உயர்த்தியதில் தொலைக்காட்சிக்குப் பெரும்பங்கு உண்டு. 1999 இறுதியில் தொடங்கி ஹோ ஜூனின் வாழ்க்கை எம்பிசி தொலைக்காட்சியில் தொடராக வந்தது. கொரியத் தொலைக்காட்சி வரலாற்றில் மிக அதிகம் பார்க்கப்பட்ட தொடர்களில் அது ஒன்று. 2003-இல் அரண்மனைச் சமையல்காரியாக இருந்து அரச மருத்துவச்சியான பெண்ணின் கதையான ‘தே ஜாங் கும்’ வந்து ஆசியா முழுவதும் ஓடியது.

அதே 2003-இல் எல்ஜி நிறுவனம் ‘தி ஹிஸ்டரி ஆஃப் ஹூ’ என்ற வரிசையை இறக்கியது. அரசியின் அழகு இரகசியம் என்பதே அதன் விற்பனை மொழி. மான்கொம்பு, டாங்க்வி, கார்னஸ் பழம், கஸ்தூரி சேர்ந்த ‘கோங்ஜின்தான்’ உருண்டை தோங்குய்போகத்தில் உள்ள மருந்து. உடல் தளர்ந்தவர்கள் விழுங்குவது. அந்தப் பெயரின் நிழலில் ஒரு முகக் கிரீம் வரிசை பிறந்தது. 2006 முதல் அதன் விளம்பரத்தில் நின்றவர் தே ஜாங் குமாக நடித்த லீ யோங்-ஏ. மருத்துவ நூல், தொடர், நடிகை, கிரீம் என்று எல்லாம் ஒரே நூலில் கோத்தாகிவிட்டது.

சீன வாடிக்கையாளர்கள் வரிசை கட்டினார்கள். 2015-இல் சுல்வாசூவின் ஆண்டு விற்பனை 1 லட்சம் கோடி வோனைத் தாண்டியது. ஒரு கொரிய அழகுப்பொருள் பிராண்டு அந்த எல்லையைத் தொட்டது அதுவே முதல் முறை. ஹூ 2016-இல் அதைத் தொட்டு, 2018-இல் 2 லட்சம் கோடியைக் கடந்தது. பிறகு சீனச் சந்தை தளர, அரண்மனையின் மவுசும் சற்று இறங்கியது.

வல்லாரைக்கு வந்த வாழ்வு

அடுத்த அலையில் வந்த மூலிகைகள் வேறு. விலை குறைவு, புட்டி எளிமை, பெயர் ஒன்றே ஒன்று. ‘சிகா’ என்று இன்றைக்கு உலகம் முழுவதும் இளைஞர்கள் கேட்டு வாங்குவது சென்டெல்லா ஆசியாட்டிகா. நம் வயல் வரப்பில் படர்ந்து, துவையலாகும் வல்லாரை.

வல்லாரை முகக் கிரீமுக்கு வந்த வழி அரண்மனை வழியல்ல, மருந்துக் கடை வழி. மடகாஸ்கர் வல்லாரையிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் செய்த காயக் களிம்பான மெடகாசோலை, தோங்குக் என்ற கொரிய மருந்து நிறுவனம் 1970-இல் கொண்டுவந்தது. முழங்காலில் சிராய்த்துக்கொண்டு வந்த பிள்ளைக்குத் தடவும் களிம்பாக அது தலைமுறைகளுக்குப் பழக்கமானது. 2015-இல் அதே நிறுவனம் அதே சரக்கை முகக் கிரீமாக்கியது. 2016-இல் டாக்டர் ஜார்ட் நிறுவனத்தின் சிகாபேர் வரிசை வந்தது. அந்த நிறுவனத்தை 2019-இல் அமெரிக்காவின் எஸ்டே லாடர் முழுமையாக வாங்க ஒப்பந்தம் செய்தது. புலிகள் காயம்பட்டால் வல்லாரைப் படுகையில் புரளும் என்ற கதை விளம்பரங்களில் உலவுகிறது. அந்தக் கதை இல்லாமலே வல்லாரைக்குப் பெருமை உண்டு. ஏசியாட்டிகோசைடு, மெடகாசோசைடு என்ற அதன் சேர்மங்கள் காயம் ஆறவும் எரிச்சல் அடங்கவும் உதவுகின்றன என்பதற்கு, கொரிய அழகுப்பொருள்களில் வரும் வேறு பல மூலிகைகளைவிட வலுவான ஆய்வுகள் இருக்கின்றன.

கரடி தின்ற சுக்கும் முகத்துக்கு வந்துவிட்டது. கங்ஹ்வா தீவில் கடற்காற்றில் வளரும் சுக்குக்குப் பெயர் அதிகம். அந்தத் தீவின் பெயரைச் சொல்லியே எசென்ஸ் விற்கிறார்கள். மீன் வாடை அடிக்கும் ‘ஓசோங்சோ’ இலை டோனராகியிருக்கிறது. அரிசி களைந்த நீரின் வாரிசாக அரிசிச் சாறு சேர்ந்த சன்ஸ்கிரீன் வந்திருக்கிறது. ‘பியூட்டி ஆஃப் ஜோசொன்’ என்று பிராண்டின் பெயரிலேயே பழைய அரசு இருக்கிறது. சுருங்கச் சொன்னால், அரண்மனை மருந்துப் பெட்டி பின்னுக்குப் போய், தோட்டமும் சமையலறையும் மறுபடி முன்னால் வந்திருக்கின்றன. ஜோசொன் பெண் உண்மையில் பூசியதற்கு இந்த மலிவு விலைப் புட்டிகள்தான் நெருக்கம் என்று சொல்லலாம்.

செய்யும் கை மட்டும் மாறிவிட்டது. இந்தப் பிராண்டுகளில் பலவற்றுக்குச் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. 1990-இல் தொடங்கிய கோல்மார் கொரியா, 1992-இல் தொடங்கிய காஸ்மேக்ஸ் போன்ற ஒப்பந்த நிறுவனங்களே கலவையை வகுத்து, செய்து, அடைத்தும் கொடுக்கின்றன. சாற்றை எடுப்பதும் நீரில் கொதிக்கவைத்து மட்டுமல்ல. எத்தனாலும் பியூட்டிலின் கிளைக்காலும்கூட அந்த வேலையைச் செய்கின்றன. பீர்க்கு நீர் சில நாளில் கெட்டது. இன்றைய புட்டி 1,2-ஹெக்சேன்டையால் போன்ற காப்புப் பொருளால் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. 2024-இல் கொரியாவின் அழகுப்பொருள் ஏற்றுமதி முதல் முறையாக 1,000 கோடி டாலரைத் தாண்டியது. பருவத்துக்குப் பருவம் குடுவையில் சொட்டிய நீரால் அது நடந்திருக்காது.

அட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும்

கொரியாவில் 2008 அக்டோபர் முதல் ஒப்பனைப் பொருள்களின் எல்லாச் சேர்மானங்களையும் லேபிளில் எழுத வேண்டும் என்பது சட்டம். அளவில் அதிகமானது முதலில் வரும். ஒரு சதவீதத்துக்கும் குறைவானவை எந்த வரிசையிலும் வரலாம். முன்பக்கம் ஜின்செங்கின் படம் பெரிதாக இருக்க, பின்பக்கம் அது பட்டியலின் வாலில் இருப்பதுண்டு.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. சுருக்கத்தைக் குறைக்கும், நிறமியைக் குறைக்கும், வெயிலைத் தடுக்கும் என்று சொல்லும் பொருள்களைக் கொரியச் சட்டம் 2000-இலிருந்து ‘செயல்திறன் அழகுப்பொருள்’ என்று தனியாக வைத்திருக்கிறது. இவற்றுக்கான பொருள்களையும் அளவையும் அரசே அறிவித்திருக்கிறது. நிறமிக்கான பட்டியலில் இரண்டு தாவரங்கள் இருக்கின்றன. ஒன்று, கொரியாவின் புகழ்பெற்ற ஹன்ஜி காகிதம் செய்யும் காகித மல்பெரி. அதன் சாறு 2 சதவீதம். இன்னொன்று அதிமதுரம், எண்ணெயில் கரையும் அதன் சாறு 0.05 சதவீதம். இவற்றோடு நியாசினமைடு 2 முதல் 5 சதவீதம்.

சுருக்கத்துக்கான பட்டியலில் ரெட்டினால் வகைகளும் அடினோசினும் இருக்கின்றன. ஜின்செங் இல்லை. நிறுவனம் தனி ஆய்வைக் காட்டி வேறு பொருளுக்கும் அனுமதி கேட்கலாம் என்றாலும், எளிய வழி பட்டியலில் இருப்பதைச் சேர்ப்பதுதான். ஆகவே சுருக்கம் குறையும் என்ற முத்திரையோடு வரும் பல மூலிகைக் கிரீம்களில் அந்த முத்திரையை வாங்கித் தந்தது 0.04 சதவீத அடினோசின். பெயரை வாங்கிக்கொண்டது ஜின்செங்.

மூலிகைச் சாறு 77 சதவீதம், 30 சதவீதம் என்று பெரிய எண்ணில் வரும் விளம்பரத்துக்கும் ஒரு விளக்கம் வேண்டும். அந்த எண் சாற்றின் அளவு. சாறு என்பது பெரும்பாலும் நீர். அதில் கரைந்திருக்கும் மூலிகைச் சத்து எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லாது. பெயர் மட்டும் போதாது என்பதற்கு டாங்க்வி உதாரணம்: கொரியர்களின் டாங்க்வி ஏஞ்செலிகா கைகாஸ், சீனர்களுடையது ஏஞ்செலிகா சினென்சிஸ், ஜப்பானியர்களுடையது ஏஞ்செலிகா அக்யூட்டிலோபா. மூன்றும் வெவ்வேறு செடி. 2020 இறுதியில், வல்லாரைப் பெயரோடு வந்து நல்ல பெயரும் எடுத்திருந்த ஒரு கொரிய சன்ஸ்கிரீனை ஐரோப்பிய ஆய்வகங்களில் சோதித்தபோது, எஸ்பிஎஃப் 50-க்கு மேல் என்று லேபிளில் இருந்தது 19-ஐ ஒட்டித்தான் வந்தது. விற்பனை நிறுத்தப்பட்டது. வல்லாரை அங்கே எந்தப் பிழையும் செய்யவில்லை. வெயிலைத் தடுப்பது அதன் வேலையும் இல்லை.

கணக்குத் தீர்த்தால்

அன்றையதையும் இன்றையதையும் தராசில் வைத்தால் இன்றைய தட்டு தாழ்ந்தே நிற்கிறது. ஈயம் போயிற்று, பாதரசம் போயிற்று, அளவு வந்தது, லேபிள் வந்தது. இளவரசிக்குக் கிடைக்காத பாதுகாப்பு இன்று கல்லூரி மாணவிக்குக் கிடைக்கிறது. இழந்ததும் ஒன்று உண்டு. பயறு மாவு அரைத்தவளுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். இன்றைக்கு வாங்குபவள் அதை அட்டைப்படத்திடமும் தொடர்க் கதாநாயகியிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சென்னையிலும் கோவையிலும் இந்தப் புட்டிகளை வாங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை இரண்டு மூன்றுதான். விலை, அரசி பெயர், புலிக்கதை எதையும் பார்க்காதீர்கள்; பின்பக்கத்தில் தாவரத்தின் அறிவியல் பெயரையும் அது வரிசையில் எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். கெட்டியான ஜின்செங் கிரீம்கள் பனி உறையும் சியோல் குளிரை நினைத்துச் செய்யப்பட்டவை. நம் புழுக்கத்தில் லேசான வல்லாரைச் சாறோ ஜெல்லோ போதும். மூலிகைக்கும் ஒவ்வாமை உண்டு. முக்கியமாக சுக், டாங்க்வி சேர்ந்தவற்றை முகத்தில் போடுவதற்குமுன் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஓரிரு நாள் பாருங்கள். கருவுற்றிருப்பவர்களும் தோல்நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எந்தப் புட்டியையும் திறக்க வேண்டாம். பணம் கொடுப்பது சரக்குக்காக இருக்கட்டும், சிமிழுக்காக வேண்டாம்.